பதினான்கு ஜவ்வு மிட்டாய்கள்

என் வயதை ஒத்தவர்கள் இன்னும் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் பள்ளிக்கூடத் திடலில் ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்குப் பார்த்துக் குனிந்து எழுந்தவர்கள், மரவள்ளிக் கிழங்கைக் கண்டால் இன்றைக்கும் தட்டை ஓரமாகத் தள்ளிவைப்பவர்கள், அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் தவறில்லை. ஒரு துண்டு இனிப்புக்காக நாங்கள் அப்படி நடந்துகொண்டோமா என்று அவர்கள் கேட்கக்கூடும், அவ்வளவுதான்.

தேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். தேதி இல்லாமல் சொல்லும் நினைவுகள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. தாரண வருடம், ஆவணி மாதம், விநாயகர் சதுர்த்தி. பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சரிபார்த்ததில் 1944 ஆகஸ்டு 22, செவ்வாய்க்கிழமை என்று வருகிறது. பள்ளிக்கூடத்தில் அதே ஆண்டை ஜப்பான் கணக்கில் 2604 என்று எழுதச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை என்பது என் நினைவோடும் ஒத்துப்போகிறது. அன்று அம்மா அரிசி வரிசைக்குப் போயிருந்தார். எங்கள் பக்கத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும்தான் அரிசி.

மலாக்கா காஜா பெராங் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு மண் சந்தில், தகரக் கூரை போட்ட ஐந்து வரிசை வீடுகளில் நடுவீடு எங்களுடையது. அப்பா ரயில் நிலையத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். தம்பின் என்ற ஊருக்குப் போகும் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோன பிறகு நிலையம் மட்டும் நின்றது, ரயில் இல்லை. அப்பா வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டார். சட்டைப் பையில் நிலையத்தின் ஊதல் கடைசிவரை இருந்தது. கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளச் சொன்னபோது ஊரே தள்ளியது. எங்கள் சுவர்க் கடிகாரத்தை மட்டும் அப்பா தொடவில்லை. "ராகுகாலத்துக்கு டோக்கியோ தெரியுமா?" என்பார். யார் கேட்டாலும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். அப்பாவுக்குத் தெரிந்த எதுவும் அப்பாவிடம் மட்டும் இருந்ததில்லை.

எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு நான்கு.

ஆடி கடைசியில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மதியம் தாண்டியதும் பல் கிட்டிக் குளிரும். வீட்டில் இருந்த துணியையெல்லாம் மேலே போட்டு நான் ஏறிப் படுத்துக்கொள்வேன். எனக்கு அடியில் அவன் தையல் இயந்திரம் போல நடுங்குவான். பிறகு அனலாகக் கொதிக்கும். பிறகு வியர்த்து ஓய்ந்து, விளையாடக் கூப்பிடுவான். மறுநாள் பார்த்தால் நல்ல பிள்ளை மாதிரி இருப்பான். அதற்கு மறுநாள் மறுபடியும்.

மலேரியா என்று சொல்ல டாக்டர் தேவைப்படவில்லை. கொயினா மாத்திரைதான் தேவைப்பட்டது, அது கடையில் இல்லை. எங்கள் சந்து முனையில் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் போதும், நான் எண்ணியிருக்கிறேன். ஒரு சாயங்காலம் அவர் கொல்லைப்பக்கமாக வந்து அம்மாவிடம் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். இருபது மாத்திரைகள்.

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பத்து நாள். ஏழு நாளுக்குக் குறைஞ்சா பிரயோசனம் இல்ல, திரும்ப வரும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது ஜப்பான்காரன் சரக்கு தங்கச்சி. வெளிய வந்தது தெரிஞ்சா என் தலை தங்காது. யார்கிட்டயும் மூச்சு விடாத. உன் வீட்டுக்காரர்கிட்டயும் வேணாம்."

"அவரு யார்கிட்ட அண்ணே சொல்லப் போறாரு?"

"அவரு நல்லவரும்மா. அதான் பயமா இருக்கு."

பொட்டலத்தை அரிசிப் பானைக்குள் மறைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அம்மா என் தலைமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கினார். என் தலைமேல் அல்ல, தம்பி தலைமேல் என் கையை வைத்து.

முதல் மூன்று நாளில் ஆறு மாத்திரைகள் வீணாயின. தேனில் குழைத்துக் கொடுத்தால் வாந்தி எடுத்தான். மூக்கைப் பிடித்து ஊற்றினால் அம்மாவின் முகத்திலேயே துப்பினான். வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தபோது பழத்தை விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் நாக்கு நுனியில் நீட்டிக் காட்டினான். அம்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார் என்பதை நான் அப்போதே பார்த்தேன். மிச்சம் பதினான்கு. சரியாக ஏழு நாள்.

வழி காட்டியது பக்கத்து வீட்டுப் பாட்டி, பிபிக் என்று கூப்பிடுவோம். பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த சிட்டி வம்சத்து விதவை. சாரோங் கெபாயா உடுத்தி, கொண்டையில் பூ வைத்து, மாரியம்மன் கோயிலுக்கு எங்களுக்கு முன்னால் போய் நிற்பார். ஆனால் தமிழ் பேசத் தெரியாது. பேசுவதெல்லாம் அவர்கள் வீட்டு மலாய், நடுநடுவே சாமி, பூசை, அத்தை என்று சில தமிழ்ச் சொற்கள். பிள்ளை மருந்து குடிக்க மாட்டேன் என்கிறான், நாட்டு வேர்க் கஷாயம் என்று அம்மா அவரிடம் பாதி பொய் சொன்னார். பிபிக் தன் பேரப்பிள்ளைகளுக்குக் குடற்பூச்சி மருந்து கொடுத்த விதத்தைச் சொன்னார். கடற்பாசியில் செய்யும் அகார் மிட்டாய். வெளியே வெயிலில் காய்ந்து மொறமொறப்பாகத் தோல் கட்டும், உள்ளே ஜவ்வாக இருக்கும். நடுவில் வைத்த மருந்து வெளியே தெரியாது. கடிக்கக் கூடாது. உறிஞ்சினால் வழுவழுத்துத் தானே தொண்டைக்குள் போய்விடும்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஜப்பான் சண்டைக்கு முன் வாங்கிய அகார் நாரில் கடைசிக் கொத்தையும், உள்ளங்கை அளவு கூலா மலாக்காவையும் கொண்டுவந்து வைத்தார். தென்னங் கருப்பட்டிக்குப் பேர்போன ஊரில் அந்த ஒரு கட்டியை நாங்கள் மூன்று பேரும் சிறிது நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதைச் செய்த நாள் ஞாயிற்றுக்கிழமை, அப்பா வெளியே போயிருந்த நேரம். அந்தச் செய்முறை எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. பின்னால் நான் படித்த எந்தச் சமையல் புத்தகத்திலும் இந்த விதத்தைப் பார்க்கவில்லை.

அகார் நார் வைக்கோல் போல இருக்கும். ஊறவைத்தால் ஈரத் தலைமுடி போலாகிவிடும். அதைப் பிழிந்து, வாசனைக்குப் பண்டான் இலை முடிச்சோடு கொதிக்கவிட வேண்டும். நார் கண்ணுக்குத் தெரியாமல் கரையும்வரை கிளறக் கூடாது என்றார் பிபிக். "ஜாங்கான் காச்சாவ்!" என்று கரண்டிப் பக்கம் போன என் கையை ஒரு தட்டுத் தட்டினார். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்துத் துணியில் வடிகட்டினோம். மணலும் தென்னந்தும்பும் துணியில் நின்றன. அகார் மட்டும் என்றால் கடித்ததும் பிளந்துவிடும், ஜவ்வு வராது. அதற்கு மரவள்ளி மாவு வேண்டும். கிழங்கைத் துருவி, பிழிந்து, பால் தெளிந்ததும் அடியில் வெள்ளையாகத் தங்குமே, அந்த மாவு. மூன்று கரண்டி. பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியதும் பாகு கலங்கியது, பிறகு கண்ணாடி போலத் தெளிந்தது. கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் நாடா போல இறங்க வேண்டும். இறங்கியது. சந்து முழுக்க வாசனை அடித்தது. கதவைச் சாத்தினோம்.

பிஸ்கட் டின் மூடியில் மெல்லிசாக ஒரு அடுக்கு ஊற்றியதும் பிபிக் தன் வீட்டுக்குப் போனார். அவர் போகட்டும் என்றுதான் அம்மா காத்திருந்தார். நான் மாத்திரைகளை ஒவ்வொன்றாக அம்மியில் பொடித்தேன். அம்மா ஒவ்வொன்றையும் கெட்டிப் பாகில் உருட்டிப் பாசிப்பயறு அளவு உருண்டையாக்கினார். அடுக்கின் மேல் ஆடை கட்டியதும், கோலப் புள்ளி வைப்பது போல இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு. மேல் அடுக்கை ஊற்றும் பக்குவம்தான் கடினம். சூடாக ஊற்றினால் கீழடுக்கு இளகிப் புள்ளிகள் மிதக்கும். ஆறவிட்டால் இரண்டும் ஒட்டாது. அம்மா விரலை விட்டு விட்டுப் பார்த்தார். விரல் பொறுத்ததும் ஊற்றினார்.

கத்தியில் வெட்டினால் ஒட்டும் என்பதால் நூல் வேண்டியிருந்தது. வரிசையில் சந்து முனைப் பக்கமாக இருந்த கடைசி வீட்டுத் தையற்கார அக்காவிடம் போய் ஒரு முழம் வெள்ளை நூல் வாங்கிவந்தேன். அக்காவின் வீட்டுக்காரரை முந்தின வருடம் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரே மகள், என் வயது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், காய்ச்சலால் இரண்டு வாரமாக வரவில்லை. நூல் வாங்கப் போன அன்று அவள் சாக்குப் போர்வைக்குள் படுத்திருந்தாள். "என்ன செய்றீங்க, வாசம் வருது?" என்று கேட்டாள். "கிழங்கு" என்றேன்.

நூலை இழுத்துப் பிடித்து அம்மா வெட்டினார். பதினான்கு துண்டுகள், கட்டைவிரல் நகம் அளவு. திங்கட்கிழமை முழுவதும் பழைய கொசுவலைத் துண்டைப் போர்த்தித் தகரக் கூரையில் காயவைத்தோம். நல்ல வெயில். சாயங்காலம் அம்மா முதல் துண்டைத் தம்பியிடம் கொடுத்தார். "கடிக்காத ராசா. சப்பு. சப்பி முழுங்கு." அவன் கண்ணை மூடிக்கொண்டு சப்பினான். தொண்டை ஏறி இறங்கியது. வாயைத் திறந்து காட்டினான். காலி.

"இன்னொண்ணு" என்றான்.

"காலையில."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் வேறு யாரிடமும் பிறகு வாங்கவில்லை.

மறுநாள் சதுர்த்தி. அம்மா இருட்டோடு எழுந்து அரிசி வரிசைக்குக் கிளம்பினார். மிட்டாயைக் கொசுவலை மூடித் தாம்பாளத்தில் அடுப்படி மேடையில் வைத்திருந்தார். தம்பி இன்னும் எழவில்லை, நான் வந்து கொடுத்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொன்னார். அப்பாவிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"அதைத் தொடாதீங்க."

இந்த வார்த்தையை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் சதுர்த்தி நாளில் அடுப்படியில் மூடிவைத்த இனிப்பைத் தொடாதே என்றால் அதற்கு ஒரே பொருள்தான். சாமிக்குப் படைக்கும் முன் வாயில் வைக்காதே. அந்த ஆண்டு அரிசி மாவு இல்லை, கொழுக்கட்டை இல்லை. பிள்ளையாருக்கு என்ன வைப்பது என்று அப்பா ஒரு வாரமாக மனத்துக்குள் மருகிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா தனக்குத் தெரியாமல் எங்கிருந்தோ கருப்பட்டி தேடிப் பிடித்துக் கொழுக்கட்டைக்குப் பதில் இதைச் செய்துவைத்திருக்கிறாள் என்று நினைத்து அவர் கண் கலங்கியதாகப் பிறகு சொன்னார். தொடவில்லை. குளித்து, விரதம் இருந்து, கடிகாரத்தில் பத்தரை நல்ல நேரம் வரை அம்மாவுக்காகக் காத்திருந்து, வராததால் தானே படைத்தார்.

படைத்ததை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம் இல்லை.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் புது விபூதி. அத்தனை சந்தோஷமாக அவரை ரயில் நின்றுபோன பிறகு நான் பார்த்ததில்லை.

"பாப்பா, எல்லா வீட்டுக்கும் குடுத்தாச்சு. சண்டைக்கு முந்தி குடுத்த மாதிரியே."

"எதைப்பா?"

"பிரசாதத்தை. உன் தம்பிக்கு ஒண்ணு குடுத்தேன், லபக்குனு முழுங்கிட்டான். உனக்கும் அம்மாவுக்கும் எனக்கும் மூணு வச்சிருக்கேன். நான் சாயங்காலம் விரதம் முடிச்சுத்தான் வாயில வைப்பேன்."

பதினான்கில் முந்தின நாள் ஒன்று, இன்று ஒன்று தம்பிக்கு. தட்டில் மூன்று. ஒன்பது துண்டுகள் தெருவில்.

"யார் யாருக்குப்பா?"

அப்பா விரல் விட்டு எண்ணினார். பிபிக்குக்கு இரண்டு. காப்பிக்கடை சீனருக்கு இரண்டு. செட்டியார் கிட்டங்கிச் சமையல்காரர் வீட்டு மாமிக்கு இரண்டு. "தையக்காரம்மா வீட்டுக்கு மூணு. அந்தப் பொண்ணு படுத்தே கெடக்குது பாவம்."

அம்மா வர எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது. அப்பாவிடம் சொல்ல முடியாது. தம்பி தலைமேல் வைத்த கை. நான் புத்தகப் பையை வைத்துவிட்டு ஓடினேன்.

கொடுத்த பிரசாதத்தைத் திருப்பிக் கேட்பது எப்படி? உலகத்தில் எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டிருக்காது. மாமி வீட்டு வாசலுக்குப் போவதற்குள் எனக்கு ஒரு பொய் கிடைத்தது. கெட்டிக்காரத்தனமான பொய் என்று நினைத்தேன்.

"மாமி, அந்த மிட்டாயைத் திருப்பிக் குடுத்துடுங்க. பாகுல பல்லி விழுந்துடுச்சாம்."

பல்லி விழுந்த பண்டம் விஷம் என்று எங்கள் வீடுகளில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இதைக் கேட்டால் பயந்து உடனே என் கையில் கொடுத்துவிடுவார்கள் என்பது என் கணக்கு. அவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

"பல்லியா!" மாமியின் குரல் ஐந்து வீட்டுக்கும் கேட்டது. அவருடைய மகன்கள் இருவரும் துண்டைக் கையில் வைத்து யாருடையது பெரியது என்று அளந்துகொண்டிருந்தார்கள். மாமி இரண்டையும் பிடுங்கி, லோங்காங் என்று நாங்கள் சொல்லும் வாசலோரச் சாக்கடையில் வீசினார். "டேய், நக்கினியா? உண்மையச் சொல்லு, நக்கினியா? போய் உப்புத் தண்ணியில கொப்பளி! படைக்கிறாராம் பெரிய மனுசன், பானையப் பார்க்க மாட்டாரா?" நான் சாக்கடையில் இறங்கினேன். கறுப்புத் தண்ணீர் முழங்கால்வரை வந்தது. ஒன்றும் அகப்படவில்லை.

பிபிக்கிடம் பல்லி என்று சொல்லவில்லை. மலாயில், தம்பிக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் என் கால்களில் இருந்த சேற்றைப் பார்த்தார். மாரியம்மன் படத்துக்கு முன்னால் ஒரு சிறு கிண்ணத்தில் வைத்திருந்த இரண்டையும் எடுத்து, என் பாவாடை நுனியில் போட்டு, தானே முடிச்சுப் போட்டுவிட்டார்.

காப்பிக்கடையில் நான் போகும்போதே சீனரின் மனைவி வாசலில் துப்பிக்கொண்டிருந்தார். "பாஹிட்! பாஹிட் லா!" கசப்பு, கசப்பு என்று என்னைப் பார்த்துக் கத்தினார். உங்கள் சாமி இதைத்தான் தின்னுமா என்று கேட்டார். சீனர் மட்டும் சத்தம் போடவில்லை. தன் பங்கைப் பிளந்து, நடுவில் இருந்த உருண்டையை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளந்ததை மறுபடி ஒன்றாக ஒட்டி, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். "உபாட்" என்றார் மெதுவாக. மருந்து. பிறகு தன் வாய்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

மூன்று கிடைத்தன. கடைசி வீடு மிச்சம்.

தையல் இயந்திரம் ஓடும் சத்தம் வாசலிலேயே கேட்டது. அக்கா தலையைத் தூக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னார்.

"பல்லி விழுந்துச்சாமே. மாமி கத்துனது கேட்டுச்சு. மூணையும் லோங்காங்குல போட்டுட்டேன் பாப்பா."

பல்லி விழவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் நின்றேன். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஊசி ஏறி ஏறி இறங்கியது. ஊசிக்கு அடியில் துணி இல்லை.

மூலையில் சாக்குப் போர்வைக்கு வெளியே என் தோழியின் முகம் தெரிந்தது. உதட்டோரம் பழுப்பாகப் பாகு காய்ந்திருந்தது. தலைமாட்டில் பொத்தான் போட்டுவைக்கும் டப்பா, மூடி சரியாக மூடாமல் இருந்தது. அக்கா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கொயினா கொடுத்த காலம் அது. அந்தக் கசப்பை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நல்லாருந்துச்சு" என்றாள் அவள் என்னிடம். அக்காவின் கால் மிதியில் நின்றுவிட்டது.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா வந்திருந்தார். அரிசிப் பை தரையில் சரிந்து கிடந்தது. பாவாடை முடிச்சை அவிழ்த்துத் தட்டில் இருந்த மூன்றோடு சேர்த்தேன். ஆறு.

"மிச்சம்?"

"சீனம்மா ஒண்ணைத் துப்பிட்டாங்க. அஞ்சு லோங்காங்குல."

அம்மா சாக்கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பொய் சொல்வேன் என்று அவர் நினைக்கவே இல்லை. எனக்கு உள்ளே பெருமையாக இருந்தது. தம்பியிடமிருந்து எடுத்து என் தோழிக்கு நான் மூன்று கொடுத்துவிட்டேன் என்ற பெருமை. இன்றைக்கு எழுதும்போது அந்தப் பெருமையை மறைக்க விரும்பவில்லை. இருந்தது, எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

"படைச்சதை ஊருக்கெல்லாம் வாரிக் குடுக்கணுமா?"

"சாமிக்குப் படைச்சதைப் பூட்டி வைக்கச் சொல்றியா?"

"வீட்டுல நோயாளிப் பிள்ளை இருக்கு."

"அதுக்காகத்தான் குடுத்தேன். பத்துப் பேரு வாயாற வாழ்த்தட்டும்னுதான்." பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "நிசமாவே பல்லி விழுந்துச்சா?"

அம்மா என்னைப் பார்த்தார். "விழுந்துச்சு" என்றார். அப்பா தன் பங்கைக் கேட்கவில்லை. பல்லி விழுந்ததைத் தின்னவா முடியும்?

தம்பி அந்த ஆறையும் விழுங்கினான். முன்பு விழுங்கியதோடு சேர்த்து எட்டு, நான்கு நாள் மருந்து. வெள்ளிக்கிழமையிலிருந்து காய்ச்சல் வரவில்லை. கார்த்திகையில் ஒருமுறை திரும்ப வந்து, டிரெஸ்ஸர் மாமா இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்து, போய்விட்டது. தம்பி இன்று மலாக்காவிலேயே பத்து பெரெண்டாம் என்ற பகுதியில் பேரன் பேத்திகளோடு இருக்கிறான். இனிப்பு தொடுவதில்லை, சர்க்கரை நோய்.

எங்கள் வீட்டுக்குப் பல்லி வீடு என்று பெயர் வந்தது. அடுத்த சதுர்த்திக்கு அப்பா எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கி, நன்றி சொல்லி, அவர் திரும்பியதும் கோழிக்குப் போட்டார்கள். கோழிகள் நன்றாகத்தான் இருந்தன. அப்பா பிறகு துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் வரை நடந்துபோய், தன்னைத் தெரியாதவர்களிடம் கொடுத்துவிட்டு வருவார்.

என் தோழி புரட்டாசி இரண்டாம் வாரத்தில் இறந்தாள். கிழமை நினைவில்லை. இந்தக் குறிப்பில் எனக்குக் கிழமை தெரியாத ஒரே நாள் அதுதான்.

அவள் ஏன் தேறவில்லை என்பதற்குப் பின்னாளில் நான் படித்த மருத்துவ நூல்களில் விடை இருந்தது. மூன்று மாத்திரை, ஒன்றரை நாள் மருந்து. அது எதற்கும் போதாது. காய்ச்சலைக் கொஞ்சம் தள்ளிவைக்கும், அவ்வளவுதான். டிரெஸ்ஸர் மாமா அதை முன்பே சொல்லியிருந்தார், என் காது கேட்கச் சொல்லியிருந்தார். நான் அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா அந்த மூன்றையும் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பாரா, இல்லை டிரெஸ்ஸரைக் கொல்லைப்பக்கமாக அக்கா வீட்டுக்கு அனுப்பியிருப்பாரா? அம்மாவை எழுபது வயது வரை நான் அறிவேன். அனுப்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மருந்து எங்கிருந்து வந்தது என்று அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தவள் நான். சந்து முனைக்கு அவர்கள் வீட்டிலிருந்து நாற்பது எட்டுகூட இல்லை.

காரியம் எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, குழாயடியில் தையற்கார அக்கா என்னைக் கூப்பிட்டார். ரவிக்கைத் துணி ஒட்டில் சுற்றிய ஒரு சிறு பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"மூணாவது அவளுக்கு இறங்கல. தம்பிக்கு வச்சுக்க."

அதற்குள் தம்பி தேறிவிட்டான். அதை அம்மாவிடம் கொடுக்க முடியாது, சாக்கடையில் போனது என்று நான்தான் சொல்லியிருந்தேன். தூக்கிப் போடவும் முடியவில்லை. துணியைப் பிரித்துச் சாமி மாடத்தில், பிள்ளையாருக்குப் பின்னால் வைத்தேன். இறுகிக் கண்ணாடி போல இருந்தது. நூல் வெட்டிய தடம்கூட அப்படியே இருந்தது.

சாயங்காலம் விளக்கேற்றும்போது அப்பா அதைப் பார்த்துவிட்டார். எதற்கு இங்கே என்று கேட்கவில்லை. மாடத்தில் இருப்பது பிரசாதம். கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக் கடித்தார்.

அவருடைய தாடை நின்றது. தண்டவாள வேலைக்காரர்களுக்கு நிலையத்தின் மருந்துப் பெட்டியிலிருந்து வருடக்கணக்காகத் தன் கையால் கொயினா எடுத்துக் கொடுத்தவர் அவர். பிரசாதத்தைத் துப்பக் கூடாது. மெல்ல மெல்ல மென்று, கடைசிவரை மென்று விழுங்கினார். முற்றத்தில் தம்பி தகர டப்பாவை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்படியில் இருந்த அம்மாவின் முதுகைப் பார்த்தார். பிறகு என்னை.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"தையக்கார அக்கா குடுத்தாங்க."

கடைசி வீட்டில் இயந்திரம் ஓடவில்லை. ஓடாமல் எத்தனையோ நாளாகிவிட்டது.

"அவங்க வீட்டுக்கு அன்னிக்கு எத்தனை குடுத்தேன்?"

"மூணு."

அப்பா விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார்.

"மூணுதானா குடுத்தேன்?" என்றார்.